நொய்யல் ஆராய்ச்சியும் வராத யூரோவும்: என் மூன்று வருட அனுபவம்

போன மாதம் கோயமுத்தூரில் இருந்து ஒரு தங்கச்சி போன் செய்தாள். முனைவர் பட்டத்தை இப்போதுதான் முடித்திருக்கிறாள். "அக்கா, ஐரோப்பாவுல ஒரு யுனிவர்சிட்டி கூப்பிடறாங்க. உலகச் சுற்றுச்சூழல் ஆளுகை பத்தின புராஜெக்ட். இந்தியப் பங்காளியா நம்மளச் சேரச் சொல்றாங்க. சரின்னு சொல்லீரட்டுங்களா?" என்று கேட்டாள். ஒன்றே கால் மணி நேரம் அவளிடம் பேசினேன். 2021-ல் எனக்கு இப்படிப் பேச ஓர் ஆள் இருந்திருந்தால் அம்மாவின் சங்கிலி பத்தொன்பது மாதம் அடகுக் கடையில் கிடந்திருக்காது. அவளிடம் சொன்னதையும், போனில் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். நம் பக்கத்தில் இருந்து இந்த வேலைக்குப் போகிற பிள்ளைகள் யாருக்காவது உதவும்.

எங்கள் ஊர் சென்னிமலையில் இருந்து காங்கயம் போகிற வழியில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கொஞ்சம் தள்ளி. நொய்யல் ஆற்றின் குறுக்கே, பாசனத்துக்காக என்று 1992-ல் கட்டி முடித்த அணை அது. சில வருடத்திலேயே திருப்பூர்ச் சாயத்தண்ணி தேங்கும் தொட்டியாக மாறிவிட்டது. நான் பள்ளிக்கூடம் போகும்போதே எங்கள் கிணற்றுத் தண்ணியில் சோப்பு நுரைக்காது. அப்பா நாலு ஏக்கரில் மஞ்சளை விட்டார், வாழையை விட்டார், கடைசியில் தென்னை மட்டும் நின்றது. அதனால் அரசியல் அறிவியல் படித்தாலும் என் மனசு தண்ணியிலேயே இருந்தது. ஈரோட்டில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன அறக்கட்டளை நடத்தினோம். பாசன சங்கங்களின் பழைய பதிவேடுகளைச் சேகரிப்பது, மாவட்ட அலுவலகங்களுக்குத் தகவல் கேட்டு மனு போடுவது போன்ற வேலைகள். மூன்று வருடத்தில் எங்கள் மொத்தச் செலவே ஒன்பது லட்சத்தைத் தாண்டியதில்லை. இந்த ஒன்பது லட்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் காலை வாரியது.

2021 ஆகஸ்டில் ஒரு ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் இருந்து மின்னஞ்சல் வந்தது. நூல், சாயம், துணி என்று வாழும் மூன்று நாட்டு ஆற்றுப் படுகைகளில், உலக அளவில் எழுதப்படும் வேதிப்பொருள் விதிகள் கீழே வந்து என்னவாகின்றன என்பது ஆராய்ச்சி. கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் அது நான் பத்து வருடமாகச் சுமந்த கேள்வி. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை வெளியே விடாத நிலையை எட்டாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதே 2011-ல்தான் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு பெரிய ஆடை நிறுவனங்களுக்கு எதிராக டீடாக்ஸ் பிரச்சாரத்தைத் தொடங்கியது. அந்த நிறுவனங்களில் பல 2020-க்குள் நச்சு வேதிப்பொருள் வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்குவோம் என்று கையெழுத்திட்டன. இரண்டு இடத்திலும் சொல் ஒன்றுதான், பூஜ்யம். ஆனால் நீதிமன்றத்தின் பூஜ்யம் ஆற்றில் விழும் தண்ணியை எண்ணியது. நிறுவனங்களின் பூஜ்யம் வேதிப்பொருள் பட்டியலை எண்ணியது. தண்ணியை வற்றவைத்து எடுத்த பிறகு மூட்டை மூட்டையாக மிஞ்சும் கலப்பு உப்பு இந்த இரண்டு கணக்கிலும் சரியாக உட்காரவில்லை. எளிதில் சிதையாத நச்சுப் பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம், நாடு விட்டு நாடு போகும் அபாயக் கழிவுக்கான பேசல் ஒப்பந்தம், வேதிப்பொருள்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் விதி என்று மேலே எத்தனை இருந்தாலும், அந்த உப்பு மூட்டை யாருடைய பொறுப்பு என்பதற்கு ஊரில் பதில் இல்லை. இதை ஆராய ஒரு ஊரின் பணம் போதாது. விதி எழுதும் ஊரிலும் விதி விழும் ஊரிலும் ஒரே சமயத்தில் ஆள் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு வெளிநாட்டு நிதி தேவைப்படுவது அதனால்தான். இதை இன்றும் நான் முழுசாக நம்புகிறேன்.

விண்ணப்பம் டிசம்பரில் போனது. ஆராய்ச்சிக் கேள்விகளைப் பற்றி நாலு மாதம் பேசினோம். பட்ஜெட்டை எனக்குக் காட்டியது கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு. எங்கள் பங்கு 41,500 யூரோ, இருபத்துநாலு மாதத்துக்கு. அந்த எண்ணைப் பார்த்ததும் மற்றதைப் பார்க்கவில்லை. பயணம், மாநாடு, வெளியீட்டுக் கட்டணம் எல்லாம் அவர்கள் பக்கத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் கள ஆட்கள் சம்பளமும் 'இதர செலவு' என்ற ஒரு வரியும்தான். கணக்கர் சம்பளம் இல்லை, தமிழில் மொழிபெயர்க்கக் காசு இல்லை, ஊர்க்காரர்களுக்கு முடிவைச் சொல்லும் கூட்டத்துக்கு ஒரு பைசா இல்லை. அன்றைக்கே ஒரு பிடி பிடித்திருக்க வேண்டும். வாய்ப்பு கைநழுவிவிடுமோ என்ற பயத்தில் "எல்லாம் சரி" என்று பதில் போட்டேன். உங்களை யாராவது கூட்டாளியாகக் கூப்பிட்டால், கேள்வியை எழுத உட்காரும் முதல் வாரமே பட்ஜெட் தாளையும் கேளுங்கள். கடைசியில் காட்டுகிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடைசியில் காட்டப்படும் பட்ஜெட்டில் நம்மால் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது.

இன்னொன்று, அந்த எண் யூரோவில் இருந்தது. விண்ணப்பம் எழுதும்போது ஒரு யூரோ 85 ரூபாய்ச் சுமாரில் இருந்தது. 2022 செப்டம்பரில் வேலை தொடங்கும்போது 80-க்கு வந்து நின்றது. 41,500-க்கு அஞ்சு ரூபாய் குறைந்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் போயிற்று, கள ஆள் ஒருவரின் ஒரு வருடச் சம்பளத்தைவிட அதிகம். ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும் என்பது உண்மைதான். நம் சம்பளப் பட்டியல் ரூபாயில் இருக்கும்போது, இன்றைய விலைக்குப் பத்து சதவீதம் கீழே வைத்துத் திட்டம் போடுங்கள். வங்கிக் கட்டணம், இடையில் நிற்கும் வங்கியின் பிடித்தம் எல்லாவற்றையும் யார் ஏற்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2022 ஜூனில் நிதி கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தது. வீட்டில் அம்மா பாயசம் வைத்தார். எங்கள் அறக்கட்டளைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு, அதாவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு, கிடையாது. அது எனக்குத் தெரியும். சென்னையில் பதிவு பெற்ற ஒரு பெரிய தொண்டு நிறுவனம் பணத்தை வாங்கி எங்களுக்கு மாற்றிவிடும் என்று வாய்ப்பேச்சில் முடிவாகியிருந்தது. முன்பெல்லாம் பல பேர் அப்படித்தான் செய்தார்கள். ஆகஸ்டில் அந்த நிறுவனத்தின் கணக்கர் அம்மா போன் செய்து, "மேடம், 2020 செப்டம்பர் திருத்தத்துக்கு அப்புறம் எங்க கணக்குக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை வேற அமைப்புக்கோ ஆளுக்கோ மாத்திக் குடுக்கவே முடியாதுங்க. எங்க லைசன்ஸே போயிரும்" என்றார். ஐரோப்பாவில் இருந்தவர்களுக்கு இது புரியவே இல்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது, தெரியவில்லை. பெரிய பெரிய ஒப்பந்தங்களின் ஷரத்துகளை எல்லாம் படித்தவள் நான், எனக்கே நேராகப் பொருந்தும் சட்டத்தைப் படிக்கவில்லை. அன்றிரவு தூங்காமல் சட்டத்தை முதலில் இருந்து படித்தேன்.

படித்ததையும், பின்னால் ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிந்ததையும் சொல்கிறேன். முழுப் பதிவு வேண்டும் என்றால் அமைப்பு தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் தன் முக்கிய வேலைக்கு 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். எங்கள் ஒன்பது லட்சம் அங்கேயே மடங்கியது. அடுத்த வழி முன் அனுமதி. ஒரு குறிப்பிட்ட நிதியாளரிடம் இருந்து, ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, ஒரு குறிப்பிட்ட தொகையை வாங்க மட்டும் அனுமதி. அதற்கு நிதியாளரின் உறுதிக் கடிதம் வேண்டும், அதில் தொகையும் நோக்கமும் தெளிவாக இருக்க வேண்டும். தர்பன் எண், அதாவது தொண்டு நிறுவனங்களுக்கான அரசு இணையதளத்தில் பதிந்து வாங்கும் எண், வேண்டும். எந்த வழியில் போனாலும் பணம் முதலில் வந்து இறங்கும் கணக்கு பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும். அதை டெல்லிக்குப் போகாமல் உள்ளூர்க் கிளை வழியாகவே திறக்கலாம். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு 50 ஆக இருந்தது. ஆனால் ஆராய்ச்சியே முக்கிய வேலையாக உள்ள அமைப்பில் களத் தகவலைச் சேகரிக்கிற, அலசுகிற ஆட்களின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. பட்ஜெட் போடும்போது பல பேர் இதைத் தவறவிடுகிறார்கள். சட்டத்தில் 'நபர்' என்ற சொல்லுக்குள் தனி ஆளும் அடக்கம். ஆகவே "உங்க சொந்தக் கணக்குக்கே அனுப்பிடறோம்" என்று யாராவது நல்லெண்ணத்தில் சொன்னாலும் மானியத்தை அப்படி வாங்காதீர்கள். என்னிடமும் சொன்னார்கள். அதை மறுத்தது ஒன்றுதான் அந்த வருடம் நான் செய்த சரியான காரியம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஏன் வேலையைத் தொடங்கினேன் என்று தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. மழைதான் காரணம். எங்கள் பக்கம் நொய்யலில் தண்ணி ஓடுவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில். மழைக்கு முன் ஒரு தடவை, வெள்ளம் வடிந்து ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை என்று மாதிரி எடுக்க வேண்டும், அதோடு சேர்த்து மக்களைக் கேட்க வேண்டும். அக்டோபரை விட்டால் ஒரு வருடம் போச்சு. "நீங்க ஆரம்பிங்க, அனுமதி வந்ததும் செலவைத் திருப்பித் தந்துடறோம்" என்று மின்னஞ்சலில் எழுதினார்கள். அந்த ஒரு வரியை நம்பி என் சேமிப்பு 1,80,000-ஐ எடுத்தேன். டிசம்பரில் அது கரைந்ததும் அம்மா கேட்காமலேயே சங்கிலியைக் கழட்டிக் கொடுத்தார். அடகு வைத்ததில் 1,60,000 கிடைத்தது. மீதி 76,500 அண்ணன் கொடுத்தான். அந்தத் தாளில் கையெழுத்துப் போடும்போது என் கை நடுங்கியதை அம்மா பார்த்துவிட்டு, "வந்துரும் கண்ணு, வெள்ளக்காரங்க ஏமாத்த மாட்டாங்க" என்றார். அவர்கள் ஏமாற்றவில்லைதான். பணம் வரவும் இல்லை.

அந்த ஏழு மாதக் களவேலை என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பிள்ளைகளை வேலைக்கு வைத்தேன், ஒரு பையன், ஒரு பெண், மாதம் ஆளுக்கு 14,000. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் தொடங்கி, கோயமுத்தூர், திருப்பூர், ஒரத்துப்பாளையம் தாண்டி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் காவிரியில் சேரும் இடம் வரைக்கும் போனோம். ஒரு நாள் ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே ஒரு தோட்டத்தில் பெரியவர் ஒருவர் கிணற்றுக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். தண்ணி இறங்க இறங்க சுவரில் வெள்ளை வெள்ளையாக வளையம் படிந்திருந்தது, மரத்தின் வயதை எண்ணுவது போல எண்ணலாம். விரலால் சுரண்டினால் மாவு போல வந்தது. பக்கத்துத் தென்னையில் மட்டை நுனி கருகியிருந்தது. கருவியை வாளியில் விட்டு அளவு பார்த்தோம். பெரியவர் எண்ணைப் பார்க்கவில்லை, ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு, "ரெண்டு வருசத்துக்கு முன்ன இதைவிட மோசம், இப்பக் கொஞ்சம் தேவலாம். ஆனா வெடிச்ச காடு வெடிச்சதுதான் அம்மிணி" என்றார். பிறகு கேட்டார்: "இதுவரைக்கும் பத்துப் பேருக்கு மேல வந்து அளந்துட்டுப் போயிட்டாங்க. யாரும் திரும்பி வந்து என்ன கண்டுபுடிச்சோம்னு சொல்லல. நீயாச்சும் சொல்லுவியா?" சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பட்ஜெட்டில் அதற்கு ஒரு பைசா இல்லை என்பது அப்போதுதான் நெஞ்சில் குத்தியது.

இந்த நேரத்தில் ரசீது விஷயம். ஐரோப்பியக் கணக்குத் தணிக்கைக்கு ஒவ்வொரு செலவுக்கும் வரி எண்ணோடு அச்சிட்ட ரசீது வேண்டும் என்றார்கள். நொய்யல் கரையில் வண்டி ஓட்டுகிற அண்ணன், கூட்டத்துக்குச் சாப்பாடு சமைத்த அக்கா, கிணற்றுப் பக்கம் கொண்டுபோய்விட்ட டிராக்டர்காரர், இவர்களிடம் அச்சிட்ட ரசீது எங்கே இருக்கும்? ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் துண்டுத் தாள்களாகச் சேர்த்தேன். பிறகு ஆடிட்டர் சொல்லிக் கொடுத்த முறைதான் சரி. வவுச்சர் புத்தகம் ஒன்று, அதில் தேதி, இடம், காரணம், தொகை, வாங்கியவர் பெயர், கையெழுத்து அல்லது கைநாட்டு, சாட்சிக்கு ஒருவர் கையெழுத்து. தமிழில் எழுதி, மாத முடிவில் ஆங்கிலச் சுருக்கத்தோடு அறக்கட்டளை முத்திரை. இப்படி ஒரு மாதிரி வவுச்சரைத் தொடக்கத்திலேயே அனுப்பி "இது செல்லும்" என்று அவர்களிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை ஜி.பே.யில் கொடுங்கள், பதிவு தானாக நின்றுவிடும்.

முன் அனுமதி விண்ணப்பத்தை டிசம்பரில் போட்டோம். குறை எங்களிடம்தான் இருந்தது. அறக்கட்டளைப் பத்திரத்தில் உள்ள பெயருக்கும் பான் அட்டையில் உள்ள பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். நிதியாளரின் கடிதத்தில் மூன்று நாட்டுக்கும் சேர்த்த மொத்தத் தொகை இருந்ததே தவிர எங்கள் தொகை தனியாக இல்லை. பெயரைத் திருத்தி, புதுக் கடிதம் வாங்கி, மறுபடி போட மார்ச் ஆகிவிட்டது. அந்தக் கடிதம் வாங்கவே ஆறு வாரம். அங்கே ஆராய்ச்சி அலுவலகம், சட்ட அலுவலகம், நிதி அலுவலகம் என்று மூன்று மேசை. நீங்கள் இந்த வழியில் போவதானால், நிதி கிடைக்கும் முன்பே பத்திரம், பான், தர்பன், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒரு நாள் உட்கார்ந்து ஒப்பிட்டுவிடுங்கள். உறுதிக் கடிதத்தின் வாசகத்தை நீங்களே எழுதி அனுப்புங்கள்.

ஜூனில் அங்கே கூட்டாளிகள் கூட்டம். விமான டிக்கெட்டை நானே போட்டேன், வந்ததும் தருவதாகச் சொன்னார்கள். விசா மறுக்கப்பட்டது. காரணம், செலவுக்குப் போதுமான பணம் இருப்பதாகக் காட்டவில்லை என்பது. கணக்கில் இருந்த பணம் எல்லாம் நொய்யல் கரையில் அல்லவா கிடந்தது. நாற்பத்தாறாயிரம் ரூபாய் டிக்கெட்டில் ஒரு ரூபாய் திரும்பவில்லை, விசாவுக்கு ஆன 9,500-உம் போயிற்று. கூட்டத்தில் கணினித் திரை வழியாகக் கலந்துகொண்டேன். என் தலைப்பு வரும்போது அங்கே மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது, பதினைந்து நிமிடத்தை ஏழாகக் குறைத்தார்கள். அன்று இரவு அழுதேன். கூப்பிடுகிறவர்கள்தான் டிக்கெட் போட வேண்டும், ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட்டாக இருக்க வேண்டும், தங்குமிடமும் செலவும் தங்களுடையது என்று தொகையோடு கடிதம் தர வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் விசா மையத்துக்குள் கால் வைக்காதீர்கள்.

ஜூலையில் கடைசி அடி. அந்த நாட்டு அரசு வெளிநாட்டு உதவிக்கான ஒதுக்கீட்டைக் குறைத்தது. நிதியாளர் எங்கள் திட்டத்தின் வெளிநாட்டுப் பங்குகளை மட்டும் நிறுத்தினார். உறுதிக் கடிதமே செல்லாமல் போனதால் முன் அனுமதி விண்ணப்பத்துக்கும் பொருள் இல்லாமல் போனது. ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது: நிதியாளர் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் நிறுத்தலாம், அனுமதி வருவதற்கு முன் செய்த செலவுக்குப் பொறுப்பில்லை. நான் கையெழுத்துப் போட்ட தாள்தான். இது எனக்கு மட்டும் நடந்ததில்லை என்று பின்னால் புரிந்தது. 2021 மார்ச்சில் பிரிட்டன் தன் உதவி நிதியை வெட்டியபோது, உலகளாவிய சவால்கள் ஆராய்ச்சி நிதி, நியூட்டன் நிதி ஆகியவற்றின் கீழ் நடந்த ஆராய்ச்சிகளுக்கு 12 கோடி பவுண்டு துண்டு விழுந்தது. நடுவில் இருந்த பல திட்டங்கள் குறைக்கப்பட்டன, நிறுத்தப்பட்டன. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்ததையும் எல்லோரும் பார்த்தோம். நம்மைப் போன்ற நாடுகளைச் சேர்த்து நடக்கும் இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளில் பலவற்றுக்குப் பணம் பணக்கார நாடுகளின் உதவி ஒதுக்கீட்டில் இருந்து வருகிறது. அங்கே ஒரு தேர்தல், ஒரு பட்ஜெட் மாறினால் முதலில் அறுபடுவது நம் முனை. ஆகவே நிறுத்தும் ஷரத்தில் இரண்டு வாசகம் கேளுங்கள்: குறைந்தது தொண்ணூறு நாள் அறிவிப்பு, அதுவரை ஏற்றுக்கொண்ட சம்பளப் பொறுப்பை முழுசாகத் தருவது. தரமாட்டோம் என்றால் நீங்கள் யாருக்கும் ஆறு மாதச் சம்பள வாக்கு கொடுக்காதீர்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கள ஆட்கள் சம்பளம் 1,96,000. வண்டி, பெட்ரோல் 58,000. முப்பத்தாறு தண்ணி மாதிரிகளுக்கு ஆய்வகச் செலவு 54,000. ஊர்க்கூட்டம், சாப்பாடு 31,000. ரெக்கார்டர், கணினிப் பழுது 22,000. டிக்கெட், விசா 55,500. ஆக 4,16,500. நகைக்கடன் வட்டி மாதம் 1,600 வீதம் பத்தொன்பது மாதத்துக்கு 30,400. எனக்கென்று சம்பளம் ஒரு ரூபாய் எடுக்கவில்லை. பழைய செலவை அவர்களால் சட்டப்படி அனுப்பவும் முடியாது, என்னால் வாங்கவும் முடியாது. அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு பேராசிரியை மட்டும் விடாமல் வழி தேடினார். அறுபத்திரண்டு நேர்காணல்களையும் எழுத்தாக்கி ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் வேலையை எனக்குத் தனிச் சேவை ஒப்பந்தமாகக் கொடுத்தார், ஒன்றுக்கு 5,000 ரூபாய். அது மானியம் இல்லை, செய்த வேலைக்குக் கட்டணம். என் பெயரில் இன்வாய்ஸ், வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம். எட்டு மாதம் இரவும் பகலும் உட்கார்ந்து 3,10,000 சம்பாதித்தேன். 2024 ஜூலையில் சங்கிலியை மீட்டு அம்மா கழுத்தில் போட்டேன். இந்த வழியை இவ்வளவு தெளிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிஜமாகவே சேவை செய்து கட்டணம் வாங்குவது வேறு, மானியத்துக்குக் கட்டணம் என்று பெயர் சூட்டுவது வேறு. இரண்டாவதைச் செய்யச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் கையில் மிஞ்சியது ஒலிப்பதிவுகளும் மாதிரிகளின் முடிவுகளும்தான். நல்லவேளை, மூலப் பதிவுகள் அறக்கட்டளையில் இருக்கும், கட்டுரையில் களத்தில் உழைத்தவர்கள் ஆசிரியர்களாக வருவார்கள் என்று தொடக்கத்திலேயே ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தேன். முதல் வரைவில் என் பெயர் நன்றி உரையில் இருந்தது. அந்தத் தாளை ஸ்கேன் செய்து அனுப்பியதும் ஆசிரியர் வரிசைக்கு வந்தது. களத்தில் வேலை செய்த பிள்ளைகள் இருவரின் பெயரும் வந்தது. இந்தத் தாளை நட்பு முறியும் என்று பயந்து தள்ளிப் போடாதீர்கள், எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் முதல் மாதத்தில் கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

வேறு வழிகள் என்ன என்று தங்கச்சி கேட்டதற்குச் சொன்னது: மாநிலச் சட்டத்தாலோ மத்தியச் சட்டத்தாலோ உருவாகி, சி.ஏ.ஜி. (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) தணிக்கை கட்டாயமாக உள்ள அமைப்புகளுக்கு எஃப்.சி.ஆர்.ஏ.யில் விலக்கு உண்டு. பக்கத்தில் அப்படி ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு துறையைப் பிடித்து, அவர்களைக் கூட்டாளியாக வைத்து, நீங்கள் அங்கே திட்ட ஊழியராகச் சேரலாம். பெல்மான்ட் ஃபோரம் என்பது பல நாட்டு ஆராய்ச்சி நிதி அமைப்புகளின் கூட்டமைப்பு, அதன் அழைப்புகளில் பெரும்பாலும் அந்தந்த நாட்டு நிதி அமைப்பே தன் நாட்டு ஆட்களுக்குப் பணம் தருகிறது. இந்தியாவில் இருந்து புவி அறிவியல் அமைச்சகம் அதில் உறுப்பு. அது சேரும் அழைப்பாக இருந்தால் ரூபாயிலேயே வரும். ஜப்பானின் கோபே நகரில் இருக்கும் ஆசிய பசிபிக் உலக மாற்ற ஆராய்ச்சி வலையமைப்பில் இந்தியா உறுப்பு நாடு, பல நாட்டு ஆட்கள் சேர்ந்து கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் என்ற ஆராய்ச்சி நிதித் திட்டத்தில் இந்திய நிறுவனங்கள் சேரலாம், ஆனால் தானாக நிதி கிடைக்கும் நாடுகள் பட்டியலில் இந்தியா இல்லை, இதைத் தெரியாமல் பல பேர் மாதக்கணக்கில் எழுதிக் களைக்கிறார்கள். அதே திட்டத்தின் மேரி கியூரி உதவித்தொகை எந்த நாட்டவருக்கும் திறந்திருக்கிறது, ஆளாக அங்கே போய் வேலை செய்யலாம். உள்ளூரில் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) தரும் சிறு திட்டங்கள் உண்டு. தொகை சின்னது என்று ஒதுக்காதீர்கள், மழைக்காலத்தைத் தவறவிடாமல் இருக்க அந்தச் சின்னத் தொகைதான் கை கொடுக்கும். எந்த வழியானாலும் முன்பணமா, செலவழித்த பிறகு தருவதா என்று கேட்டுவிடுங்கள். செலவழித்த பிறகு என்றால், மூன்று மாதச் செலவைக் கையில் வைத்திருக்கும் அமைப்பு மட்டும் போகட்டும்.

தங்கச்சியின் விண்ணப்பத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. பட்ஜெட் தாளை அனுப்பச் சொல்லியிருந்தேன், வந்தது. இந்தியப் பங்கில் பதினோராவது வரியைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினேன்: 'முடிவுகளைத் தமிழில் அச்சிட்டு ஆற்றங்கரை ஊர்களில் கூட்டம் போட்டுச் சொல்ல, 85,000 ரூபாய்.' அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று நேற்று சொன்னாள். நான் கொடுத்த வாக்கு இன்னும் பாக்கி இருந்தது. கட்டுரையின் சுருக்கத்தைத் தமிழில் எட்டுப் பக்கமாக எழுதி, ஈரோட்டில் ஒரு அச்சகத்தில் இருநூறு பிரதி போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரத்துப்பாளையம் போனேன். பெரியவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, "படி அம்மிணி, மெதுவாப் படி" என்றார். அவர் கிணற்றைப் பற்றிய பக்கத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.